சின்சினாட்டி டிராம்

சின்சினாட்டி டிராம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள சின்சினாட்டி நகரில், தெருவோடு பதிக்கப்பட்ட தண்டவாளத்தில் மின்சாரத்தால் இயங்கும் நகர்ப்புறப் போக்குவரத்துத் தடம் ஆகும். ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளமும் 18 நிறுத்தங்களும் கொண்ட இச்சுற்றுத்தடம் 2016 செப்டம்பர் 9 அன்று திறக்கப்பட்டது. இதன் கட்டுமானச் செலவு ஏறத்தாழ 14.8 கோடி டாலர். நீளத்தில் சிறியதான இத்தடம், ஒரு நகரம் புதிய டிராம் தடத்திற்கு எவ்வாறு பணம் திரட்டுகிறது, அப்பணம் எவ்வாறு கைநழுவுகிறது, பாதி கட்டிய திட்டத்தைக் கைவிட என்ன செலவாகும் என்பவற்றுக்கு எடுத்துக்காட்டாகப் பெரிதும் பேசப்படுகிறது.

பின்னணி

ஒகையோ ஆற்றின் வடகரையில் அமைந்த சின்சினாட்டியில் குதிரைகள் இழுத்த டிராம்கள் 1859-இல் ஓடத் தொடங்கின. பின்னர் அவை மின்மயமாயின. சுற்றிலுமுள்ள குன்றுகளின் மேல் டிராம் வண்டிகளையே ஏற்றி இறக்கும் சாய்தள இழுவைத் தடங்களும் இருந்தன. 1951 ஏப்ரலில் கடைசி டிராம் நிறுத்தப்பட்டது.

இந்நகருக்கு இருப்புப்பாதை தொடர்பாகக் கசப்பான பழைய நினைவு ஒன்றும் உண்டு. 1916-இல் வாக்காளர்கள் சுரங்க இரயில் பாதைக்காக 60 இலட்சம் டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் அளித்தனர். முதல் உலகப் போரால் பணி தள்ளிப்போயிற்று. 1920-இல் வேலை தொடங்கியபோது விலைவாசி ஏறியிருந்தது. ஏறத்தாழ 3 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி முடிந்த நிலையில் பணம் தீர்ந்தது. அதில் ஒரு இரயில்கூட ஓடவில்லை. ஆனால் அதற்காக வாங்கிய கடன் 1966 வரை அடைக்கப்பட்டது. பின்னாளில் டிராமை எதிர்த்தவர்களும் ஆதரித்தவர்களும் இச்சுரங்கத்தையே சான்று காட்டினர். முன்னவர்கள் அது தொடங்கப்பட்டதைப் பிழை என்றனர். பின்னவர்கள் அது முடிக்கப்படாததைப் பிழை என்றனர்.

1950-இல் 5 இலட்சத்தைத் தாண்டியிருந்த நகரின் மக்கள்தொகை 2000-இல் ஏறத்தாழ 3.31 இலட்சமாகக் குறைந்திருந்தது. நடுநகரை ஒட்டிய 'ஓவர் த ரைன்' பகுதி செருமானியக் குடியேறிகள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய செங்கல் வீடுகள் நிறைந்தது. அக்காலத்தில் அங்கிருந்த கால்வாயைச் செருமானியர் வாழ்ந்ததால் 'ரைன்' என்று வேடிக்கையாக அழைத்ததில் இருந்து இப்பெயர் வந்தது. 2001 ஏப்ரலில் நடந்த கலவரங்களின் மையமாகவும் இப்பகுதியே இருந்தது. ஆளில்லாத கட்டடங்கள் வரிசையாக நின்ற இப்பகுதியையும் நடுநகரையும் இணைப்பதே டிராம் திட்டத்தின் முதல் நோக்கமாகும்.

திட்டமிடல்

2002-இல் சின்சினாட்டியை உள்ளடக்கிய அமில்டன் கவுண்டி முழுவதற்கும் அரை விழுக்காடு விற்பனை வரி விதித்து இலகு தொடருந்து, டிராம், பேருந்து ஆகியவற்றை விரிவுபடுத்தும் முன்மொழிவு வாக்கெடுப்பில் பெருந்தோல்வி அடைந்தது. புறநகர் வாக்காளர்கள் தங்களுக்குப் பயன்படாத பாதைக்கு வரி கட்ட விரும்பவில்லை. அதன்பின் நகர நிர்வாகம், கவுண்டியைச் சாராமல், நகர எல்லைக்குள் தன் கைப்பொருளைக் கொண்டே கட்டக்கூடிய சிறு தடம் ஒன்றை எண்ணத் தொடங்கியது.

இதற்கு முன்மாதிரியாக அமைந்தது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரம். அங்கு 2001-இல் திறக்கப்பட்ட டிராம் தடத்திற்கான முதலீட்டின் பெரும்பகுதி நகருக்குச் சொந்தமான வண்டி நிறுத்தகங்களின் வருவாயை ஈடாக வைத்து வெளியிட்ட கடன் பத்திரங்கள், தடத்தை ஒட்டிய நில உரிமையாளர்களிடம் பெற்ற சிறப்பு வரி போன்ற உள்ளூர் வழிகளில் கிடைத்தது. தண்டவாளம் பதித்துவிட்டால் அது இடம் மாறாது. அந்த உறுதியை நம்பி அருகிலுள்ள நிலத்தில் முதலீடு வரும் என்பதே போர்ட்லண்ட் கற்பித்த பாடமாகக் கருதப்பட்டது. அதாவது, டிராம் பயணிகளைச் சுமக்கும் ஊர்தி மட்டுமன்று, நில மதிப்பை உயர்த்தும் கருவியும் ஆகும். இவ்வாதத்தில் உண்மை உண்டு. எனினும் உயர்ந்த மதிப்பில் எவ்வளவு டிராமினால் வந்தது, எவ்வளவு உடன் அளிக்கப்பட்ட வரிச் சலுகைகளால் வந்தது என்று பிரித்தறிவது எளிதன்று.

2007-இல் சாத்தியக்கூறு ஆய்வு முடிந்தது. 2008-இல் மாநகர மன்றம் திட்டத்தை முன்னெடுக்க ஒப்புதல் அளித்தது. ஆற்றங்கரை, நடுநகர், ஓவர் த ரைன் ஆகியவற்றோடு, குன்றின் மேலுள்ள பல்கலைக்கழகம், மருத்துவமனைகள் ஆகியவற்றையும் இணைப்பதே தொடக்கத் திட்டமாக இருந்தது. நகரின் வேலைவாய்ப்புகள் மிகுந்த இரு மையங்களையும் அது சேர்த்திருக்கும்.

இரு வாக்கெடுப்புகள்

2009 நவம்பரில், பயணிகள் இருப்புப்பாதை எதற்கும் பணம் செலவிடும் முன் வாக்காளர்களின் ஒப்புதல் பெற வேண்டும் என்று நகரப் பட்டயத்தைத் திருத்தும் முன்மொழிவு வாக்கெடுப்பிற்கு வந்தது. வரி எதிர்ப்புக் குழுவும் கறுப்பின மக்களின் உரிமை அமைப்பொன்றின் உள்ளூர்க் கிளையும் இதில் கைகோத்தன. அம்முன்மொழிவு தோற்றது. 2011 நவம்பரில் மீண்டும் ஒரு திருத்தம் வந்தது. 2020 இறுதி வரை டிராமுக்குப் பணமே செலவிடக் கூடாது என்று அது கோரியது. அதுவும் சிறு வேறுபாட்டில் தோற்றது. இருமுறையும் மக்கள் டிராமைத் தேர்ந்தெடுத்தனர் என்று ஆதரவாளர்கள் கூறினர். கண்டிப்பாகச் சொன்னால், மக்கள் மறுத்தது தடையை மட்டுமே. திட்டத்திற்கென வரி எதுவும் அவர்கள் முன் வைக்கப்படவில்லை. டிராமுக்கெனத் தனி வருவாய் இல்லாத இக்குறை பின்னர் பெரிதாக வளர்ந்தது.

கட்டுமான நிதி

மாநிலப் போக்குவரத்துக் குழு ஏறத்தாழ 5.2 கோடி டாலர் வழங்க முன்வந்திருந்தது. 2011 சனவரியில் ஜான் கேசிக் மாநில ஆளுநராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டு ஏப்ரலில் இக்குழு அத்தொகையைத் திரும்பப் பெற்றது. திட்டத்தின் மிகப் பெரிய ஒற்றை நிதியுதவி இவ்வாறு ஒரே நாளில் மறைந்தது. அதனால் குன்றின் மேல் ஏறும் பகுதி முழுவதும் வெட்டப்பட்டது. ஆற்றங்கரைப் பகுதியும் சிறிது காலம் விடுபட்டிருந்தது. 2011 திசம்பரில் நடுவண் அரசிடமிருந்து கிடைத்த ஏறத்தாழ 1.09 கோடி டாலரால் அது மட்டும் மீண்டும் சேர்க்கப்பட்டது.

நடுவண் அரசின் மானியங்கள் மொத்தம் ஏறத்தாழ 4.5 கோடி டாலர். இதில் 2010-இல் அறிவிக்கப்பட்ட 2.5 கோடி டாலரே பெரிய பங்கு. எஞ்சியதை நகரமே திரட்டியது. பொதுக் கடன் பத்திரங்களும், நடுநகரில் உயரும் சொத்து வரியின் கூடுதல் பகுதியை அப்பகுதிக்கே ஒதுக்கும் ஏற்பாடும் இதற்குப் பயன்பட்டன.

மற்றொரு வழி சற்று விந்தையானது. அண்டை நகரான ப்ளூ ஆஷில் சின்சினாட்டிக்குச் சொந்தமாக ஒரு சிறு வானூர்தி நிலையம் இருந்தது. அந்நிலத்தை ப்ளூ ஆஷ் நகருக்கு விற்ற தொகையில் 1.1 கோடி டாலரை டிராமுக்கு ஒதுக்கினர். இயங்கும் வானூர்தி நிலையத்தை விற்றால் அப்பணத்தை வானூர்திப் பணிகளுக்கே செலவிட வேண்டும் என்பது நடுவண் அரசின் விதி. எனவே பழைய விற்பனை ஒப்பந்தத்தை நீக்கிப் புதிதாக எழுதினர். நிலையம் 2012-இல் மூடப்பட்டது.

தெருவுக்கு அடியில்

2012 பிப்ரவரியில் கட்டுமானம் முறைப்படி தொடங்கப்பட்டது. டிராம் தடத்தில் பயணி காண்பது தண்டவாளமும் மேலுள்ள கம்பியும்தான். ஆனால் திட்டமதிப்பீட்டைக் குலைப்பது பெரும்பாலும் தெருவுக்கு அடியில் உள்ளவையே. தண்டவாளத்தைத் தாங்கும் கற்காரைப் பலகையின் கீழே எரிவாயுக் குழாயோ மின்வடமோ கிடந்தால், ஒவ்வொரு பழுதுக்கும் டிராமை நிறுத்தித் தளத்தை உடைக்க வேண்டும். ஆகவே அவற்றை முன்கூட்டியே நகர்த்துவது வழக்கம். 19-ஆம் நூற்றாண்டுத் தெருக்களில் எது எங்கே புதைந்துள்ளது என்பதற்கு முழுமையான வரைபடம் இருப்பதில்லை.

இவற்றை நகர்த்தும் செலவு யாருடையது என்பதில் நகரத்திற்கும் டியூக் எனர்ஜி நிறுவனத்திற்கும் பிணக்கு எழுந்தது. தெரு நகரத்துடையது, எனவே நிறுவனமே நகர்த்த வேண்டும் என்றது நகரம். பணியைத் தாமதிக்காமல் முதலில் முடித்துவிட்டு, செலவை நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ள இரு தரப்பும் 2013-இல் உடன்பட்டன, நகரம் 1.5 கோடி டாலரை ஒதுக்கி வைத்தது. டிராம் நடத்துவது அரசுக்கே உரிய கடமையன்று, வணிக நிறுவனமும் செய்யக்கூடிய தொழில் என்று கூறி நீதிமன்றம் நகரத்திற்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் நகரம் தோற்றது.

2013 தொடக்கத்தில் திறக்கப்பட்ட ஒப்பந்தப் புள்ளிகள் யாவும் மதிப்பீட்டைவிட மிக அதிகமாக இருந்தன. அவற்றுள் மிகக் குறைந்ததே ஏறத்தாழ 7.1 கோடி டாலர். பற்றாக்குறையை ஈடுகட்ட மாநகர மன்றம் அவ்வாண்டு சூனில் 1.74 கோடி டாலரைக் கூடுதலாக ஒதுக்கியது. ஒரே வாக்கு வேறுபாட்டில் அத்தீர்மானம் நிறைவேறியது.

2013 திசம்பர் நிறுத்தம்

2013 நவம்பர் மாநகர முதல்வர் தேர்தலில், டிராமை நிறுத்துவதாக வாக்களித்த ஜான் கிரான்லி வென்றார். திசம்பர் 4 அன்று புதிய மன்றம் 5-4 என்ற வாக்குகளில் பணியை இடைநிறுத்தியது. அதற்குள் எல்ம் தெருவில் தண்டவாளத்தின் முதல் பகுதி பதிக்கப்பட்டிருந்தது. வண்டிகளுக்கும் ஆணை கொடுக்கப்பட்டிருந்தது. 3 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருந்தது.

நடுவண் மானியத்தை வேறு சாலைப் பணிகளுக்கு மாற்றலாம் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. அப்பணம் இத்திட்டத்திற்கே உரியது. கைவிட்டால், எடுத்ததைத் திருப்பிச் செலுத்த வேண்டும், எடுக்காதது இல்லாமற் போகும் என நடுவண் போக்குவரத்து நிர்வாகம் அறிவித்து, திசம்பர் 19 நள்ளிரவைக் கெடுவாக விதித்தது.

தணிக்கை நிறுவனமான கேபிஎம்ஜி-யிடம் கணக்கு கேட்கப்பட்டது. கெடுவுக்கு முந்தைய நாள் அறிக்கை வந்தது. தடத்தை முடிக்க நகரம் தன் பங்காக இன்னும் ஏறத்தாழ 6.9 கோடி டாலர் செலவிட வேண்டும், கைவிட்டால் 1.6 கோடி முதல் 4.6 கோடி டாலர் வரை செலவாகும் என்று அது கூறியது. இவ்விரு எண்களை மட்டும் ஒப்பிட்டால் கைவிடுவதே மலிவு. ஆனால் கைவிட்டால் ஏற்கனவே செலவிட்டதும் சேர்ந்து போகும், வழக்குகள் வரும், கையில் எதுவும் மிஞ்சாது. இரு தரப்பினரும் ஒரே அறிக்கையைத் தத்தம் வாதத்திற்குப் பயன்படுத்தினர்.

உண்மையில் முடிவைத் தீர்மானித்தது கட்டுமானச் செலவு அன்று, இயக்கச் செலவே. ஆண்டுதோறும் 30 இலட்சம் டாலருக்கு மேல் தேவைப்படும் என மதிப்பிடப்பட்ட அத்தொகையை நகரின் பொது நிதி ஏற்கக் கூடாது என்று மன்ற உறுப்பினர் கெவின் பிளின் நிபந்தனை விதித்தார். உள்ளூர் அறக்கட்டளையான ஹெய்ல் அறக்கட்டளை பத்து ஆண்டுகளில் 90 இலட்சம் டாலர் வரை தர உறுதியளித்தது. திசம்பர் 19 அன்று பிளினும் டேவிட் மானும் ஆதரித்து வாக்களிக்க, 6-3 என்ற கணக்கில் பணி மீண்டும் தொடங்கியது. ஆறு வாக்குகளை மாநகர முதல்வரின் தடை அதிகாரத்தால் வீழ்த்த இயலாது.

தடமும் வண்டிகளும்

வண்டிகள் ஆற்றங்கரையிலிருந்து மெயின் தெரு, 12-ஆம் தெரு, எல்ம் தெரு வழியாக வடக்கே சென்று, பழைமை வாய்ந்த ஃபின்ட்லே சந்தையைக் கடந்து, ரேஸ் தெரு, வால்நட் தெரு வழியாகத் திரும்புகின்றன. ஸ்பெயின் நாட்டு காஃப் நிறுவனத்தின் 'ஊர்போஸ் 3' வகைத் தாழ்தள வண்டிகள் ஐந்து உள்ளன. கான்சாஸ் சிட்டி நகரமும் இதே வகை வண்டிகளையே வாங்கியது. பிற வண்டிகளோடு அதே தெருப் பரப்பைப் பகிர்வதால், தவறாக நிறுத்தப்பட்ட ஒரு மகிழுந்துகூட முழுத் தடத்தையும் நிறுத்திவிடும்.

இயக்கச் செலவு

தொடக்கத்தில் இரண்டு மணி நேரப் பயணத்திற்கு 1 டாலர் கட்டணம் பெறப்பட்டது. உள்ளூர்த் தொலைபேசி நிறுவனம் ஒன்று பத்தாண்டுப் பெயர் உரிமைக்காக 34 இலட்சம் டாலர் தந்ததால் தடத்திற்குச் 'சின்சினாட்டி பெல் கனெக்டர்' என்ற பெயர் சூட்டப்பட்டது. பின்னர் அது 'கனெக்டர்' எனச் சுருங்கியது. நடுநகரிலும் ஓவர் த ரைனிலும் சொத்து வரி விலக்குப் பெறும் கட்டுமான நிறுவனங்கள், விலக்கின் மதிப்பில் 15 விழுக்காட்டை விரும்பி அளிக்கும் பங்களிப்பு மற்றொரு வருவாய். பெயரளவில் விருப்பத்திற்குரியதாயினும், அளிக்க மறுப்போர் விலக்குப் பெறுவது கடினம்.

முதல் ஆண்டுகளில் பயணிகள் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. முதல் குளிர்காலத்தில் வண்டிகள் பழுதாயின. 2020 தொடக்கத்தில் நகர நிர்வாகமே இயக்கத்தை நேரடியாக ஏற்றது. அதே ஆண்டு கட்டணம் நீக்கப்பட்டது. கட்டண வருவாய் சிறிதாகவே இருந்ததால் இழப்பும் சிறிதே. 2023-இல் ஆண்டுப் பயணங்கள் முதன்முறையாகப் பத்து இலட்சத்தைக் கடந்தன.

கான்சாஸ் சிட்டியுடன் ஒப்பீடு

மிசௌரி மாநிலத்தின் கான்சாஸ் சிட்டி, சின்சினாட்டிக்கு நான்கு மாதங்கள் முன்பு, 2016 மே 6 அன்று தன் டிராமைத் திறந்தது. அங்கும் நகர் முழுதும் தழுவிய இருப்புப்பாதை முன்மொழிவுகள் பலமுறை தோற்றிருந்தன. ஆகவே தடத்தை ஒட்டிய பகுதியை மட்டும் தனிப் போக்குவரத்து மாவட்டமாக வரையறுத்து, அதற்குள் வாழும் வாக்காளர்களிடம் மட்டும் 2012-இல் ஒப்புதல் கேட்டனர். அப்பகுதிக்குள் 1 விழுக்காடு விற்பனை வரியும் சொத்துகள் மீது சிறப்பு வரியும் விதிக்கப்பட்டன. இவ்வருவாய் கடனை அடைக்கவும், வண்டிகளை இயக்கவும் போதுமானதாக இருந்ததால் முதல் நாளிலிருந்தே பயணம் இலவசம். வாக்களித்தோர் எண்ணிக்கை மிகச் சிறிது என்ற குறைகூறல் அங்கு எழுந்தது. ஆயினும் ஆளுநரோ மாநகர முதல்வரோ மாறினால் அற்றுப்போகாத வருவாய் அந்நகரிடம் இருந்தது. அங்கு தெற்கு நோக்கிய நீட்டிப்பு 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது.

சின்சினாட்டியில் 2011-இல் வெட்டப்பட்ட குன்றுப் பகுதி கட்டப்படவில்லை. 2020-இல் அமில்டன் கவுண்டி வாக்காளர்கள் பொதுப் போக்குவரத்திற்கென விற்பனை வரி உயர்வை ஏற்றுக்கொண்டனர். அது பேருந்துகளுக்கும் சாலைகளுக்கும் உரியது.