கணிப்பொறி ஓய்வு கொள்ளும் முறை

கணிப்பொறியின் வரலாற்றைக் கூறுவோர் அதன் வேகத்தின் வளர்ச்சியையே பெரும்பாலும் விரித்துரைப்பர். அவ்வேகத்தோடு ஒரு கடமையும் உடன் வந்தது. கணிப்பொறியை நிறுத்துமுன் அதன் கணக்கை முடித்து வைப்பதே அக்கடமை. மாணவ நேயர்களே, அது எவ்வாறு தோன்றியது என்பதை இன்று காண்போம்.

1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அதில் கோப்புகள் யாவும் ஒரே மரத்தின் கிளைகளாக அமைந்தன. வேறொரு வட்டைப் பயன்படுத்த வேண்டின், அதிலுள்ள கோப்புத் தொகுதியை அம்மரத்தின் ஒரு கிளையில் இணைப்பர். வேலை முடிந்ததும் பிரிப்பர். இணைப்பதற்கு 'மவுண்ட்', பிரிப்பதற்கு 'யுமவுண்ட்' என்னும் கட்டளைகள் 1971-இல் வெளிவந்த முதற் கையேட்டிலேயே இடம்பெற்றன.

பிரிப்பதற்குத் தனிக் கட்டளை எதற்கு? மின்சாரத்தை நிறுத்தினால் போதாதா? போதாது. நினைவகத்தில் எழுதுவதைவிட வட்டில் எழுதுவது மிக மெதுவானது. ஆகவே யூனிக்ஸ், எழுத வேண்டியதை முதலில் நினைவகத்தில் குறித்துக்கொண்டு, பின்னர் வட்டில் பதித்தது. கடையின் கணக்கப்பிள்ளை சிட்டையில் குறித்து வைத்து, ஓய்வு கிடைத்தபோது பேரேட்டில் ஏற்றுவது போன்றது இது. இடையில் மின்சாரம் நின்றால் சிட்டை அழியும். பேரேடும் முன்னுக்குப்பின் முரணாகும். இவ்விழப்பைக் குறைக்கவே, 30 விநாடிக்கு ஒருமுறை நினைவகக் குறிப்புகளை வட்டுக்கு அனுப்பும் நிரல் ஒன்று அமைக்கப்பட்டது.

ஒரு நிரல் அத்தொகுதியில் ஒரு கோப்பைத் திறந்து வைத்திருந்தாலும், அதிலுள்ள ஓர் அடைவைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தாலும், 'பிஸி', அதாவது அலுவலில் உள்ளது என்று கூறி யூனிக்ஸ் பிரிக்க மறுக்கும். பொறுமையற்றவர் இதனைத் தொல்லையெனக் கருதலாம். ஆயின் அரைகுறையாக எழுதப்பட்ட கோப்பைக் காப்பது இம்மறுப்பே ஆகும்.

எனவே நிறுத்துவதற்கு ஓர் ஒழுங்குமுறை உருவாயிற்று. முதலில், வேலையை முடித்துக்கொள்ளுமாறு எல்லா நிரல்களுக்கும் அறிவிப்புச் செல்லும். சிறிது அவகாசத்துக்குப் பின்னும் விலகாதவை வலிந்து நிறுத்தப்படும். அதன்பின் நினைவகத்தில் எஞ்சியவை வட்டில் பதிக்கப்படும். கிளைமேல் கிளையாக இணைந்த தொகுதிகள் நுனியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கப்படும். மரத்தின் வேராகிய தொகுதியோ பொறி இயங்குமளவும் அலுவலிலேயே இருக்கும். ஆதலால் லினக்ஸ் முறைமையில் அதனைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக மாற்றிய பின் மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் ஏற்பட்டது.

இவ்வொழுங்கு தவறியபோது நேர்ந்த பழுதுகளைத் தேடித் திருத்த, 1970-களின் இறுதியில் டெட் கோவால்ஸ்கி 'எஃப்எஸ்சிகே' என்னும் நிரலை எழுதினார். வட்டுகள் பெருகப் பெருக, அச்சோதனைக்கு நெடுநேரம் ஆயிற்று. செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே ஒரு குறிப்பேட்டில் பதியும் முறை பின்னர்ப் பரவியது. ஐ.பி.எம். நிறுவனம் 1990-இல் அதனைத் தன் ஏ.ஐ.எக்ஸ். முறைமையில் புகுத்தியது, 2001-இல் 'எக்ஸ்ட்3' வாயிலாக லினக்ஸின் மூலநிரலிலும் அம்முறை இடம்பெற்றது. எனினும், குறிப்பேடு கோப்புத் தொகுதியின் கட்டமைப்பைக் காக்குமேயன்றி, நினைவகத்திலேயே தங்கிவிட்ட உங்கள் கடைசி வரிகளை மீட்டுத் தராது.

அதே 2001-இல் லினக்ஸில் 'சோம்பல் பிரிப்பு' என்பதும் வந்தது. அது தொகுதியை மரத்திலிருந்து உடனே மறைக்கும்; ஆயினும் திறந்த கோப்புகளில் எழுதுதல் தொடரும். கட்டளை முடிந்ததென்று நம்பி மின்சாரத்தை நிறுத்துவோர் ஏமாறுவர். 'அலுவலில் உள்ளது' என்ற விடை வந்தால், எந்த நிரல் அத்தொகுதியைப் பயன்படுத்துகிறது என்பதை 'ஃபியூசர்' கட்டளையால் அறிந்து, அந்நிரலை முறையாக முடித்து, பின்னர்ப் பிரிப்பதே ஏற்ற வழி. பல நாள் உழைத்து எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பென்டிரைவில் வைத்திருக்கும் மாணவருக்கும் இவ்விதி பொருந்தும். பிரித்தாயிற்று என்று கணிப்பொறி தெரிவித்த பின்னரே அதனைக் கையில் எடுப்பது நன்று.