வள்ளம் இல்லாதவனின் கடல்

பரமட்டா என்றால் என்ன அர்த்தம் என்று எங்கட ஆக்களிடம் கேட்டுப் பாருங்கோ. பாதிப்பேர் றக்பி அணியைக் காட்டுவார்கள். ஈல்ஸ், அதாவது விலாங்கு. பதில் சரிதான். இந்த ஆற்றங்கரையில் காலங்காலமாக வாழ்ந்த புராமட்டகல் ஆக்களின் பெயரிலிருந்து வந்த பெயர் இது. விலாங்கு படுத்திருக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். 1788 நவம்பரில் வெள்ளைக்காரர் இங்கே குடியேறி ரோஸ் ஹில் என்று பெயர் வைத்தார்கள். 1791 இல் பழைய பெயருக்கே திரும்பினார்கள். நாங்கள் தினமும் ரயில் ஏறுகிற ஸ்ரேசனின் பெயரே ஒரு மீன்பிடி இடத்தின் பெயர்.

நான் ஒரு றெஸ்ரோரண்ட் குசினியில் மீன் வெட்டுகிறவன். அதற்கு முதல் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, முடிக்காமல் விட்டவன். அதற்கும் முதல் மயிலிட்டியில் தொழிலுக்குப் போன ஒருவரின் மகன். எங்கட கரையில் 'தொழில்' என்றால் மீன்பிடி, வேறொன்றும் இல்லை. வரலாற்றுப் புத்தகங்களில் அரசர்கள் வருவார்கள், கோயில்கள் வரும். தூண்டில் வராது. கையில் காசும் கடைச் சாமானும் இல்லாதவன் தூரத்து மீனை எப்படி எட்டினான், அவனை எட்டவிடாமல் செய்தது எது என்று எழுதினால் அதுவும் வரலாறுதான்.

முதலில் இந்த ஆற்றின் கதை. சிட்னிப் பக்கத்தில் தூண்டில் பெண்களின் வேலை. ஆண்கள் பல முனை வைத்த ஈட்டியால் குத்திப் பிடித்தார்கள். சுருண்ட கடல் நத்தை ஓட்டை உடைத்து, கல்லில் தேய்த்துத் தேய்த்து, பிறை மாதிரி ஒரு கொக்கி செய்வார்கள் பெண்கள். அதில் எதிர்முள் கிடையாது. ஓட்டின் உள்பக்கம் மினுங்கும், அந்த மினுக்கத்துக்கே மீன் வரும். சிப்பிச் சதையை மென்று தண்ணீரில் துப்பி மீனைக் கூட்டுவார்கள். நூல் மரப்பட்டை நார். இரண்டு இழையாகத் தொடையில் வைத்து முறுக்கி, நைந்து போகாமல் இருக்க மரப்பாலில் ஊறப் போடுவார்கள். நைலோன் வருவதற்கு முதல் எங்கட ஆக்கள் பருத்தி வலைக்குப் பனிச்சங்காய்ச் சாயம் ஏற்றினது இதே காரணத்துக்குத்தான். சிட்னிக்கு மேற்கே குறஜோங் என்று ஒரு ஊர் இருக்கிறது. அந்தப் பெயரில் மரமும் உண்டு. தாருக் மொழியில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் தூண்டில் நூல்.

அவர்களின் வள்ளமும் ஒரே மரத்தின் பட்டைதான். நெருப்பில் வாட்டி, இரண்டு முனையையும் மடித்துக் கட்டினது. நடுவில் களிமண் பரப்பி அதன்மேல் நெருப்பு வைத்திருப்பார்கள். பிடித்த மீனை அதிலேயே சுட்டுச் சாப்பிடலாம். பிள்ளையையும் வைத்துக்கொண்டு பெண்கள் அலையில் போய் வந்ததைப் பார்த்து வெள்ளைக்கார அதிகாரிகளே வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

கப்பல்களில் வந்தவர்களிடம் பெரிய இழுவலை இருந்தது. 1790 இல் இரண்டே இழுவையில் ஏறக்குறைய 4,000 மீன் பிடித்ததாக டேவிட் கொலின்ஸ் குறித்திருக்கிறார். சல்மன் என்று அவர்கள் பெயர் வைத்த மீன், ஒன்று சராசரி 5 இறாத்தல். ஓட்டுக் கொக்கியோடு ஒவ்வொன்றாகப் பிடித்துக் குடும்பத்துக்குச் சோறு போட்ட பெண்ணுக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும்? அந்தக் காலத்தில் வெள்ளைக்காரரோடு ஒட்டாமல் நின்ற பாரங்காரூ என்ற பெண்ணின் கோபத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் கிறேஸ் கார்ஸ்கென்ஸ் எழுதுகிறார். அவளின் பெயரை வைத்த கரையில் இன்றைக்கு ஒரு கசினோக் கோபுரம் நிற்கிறது.

பரமட்டாவிலேயே நடந்த கதை இன்னொன்று. பலூடெரி என்ற இளைஞன், புராமட்டகல் ஆள். 1791 இல் ஆற்றில் மீன் பிடித்து, இங்கே குடியேறினவர்களுக்குக் கொடுத்து, பாணும் உப்பு இறைச்சியும் வாங்கிப் போவான். குடியேற்றம் பங்கீட்டுச் சாப்பாட்டில் இழுபட்ட காலம் அது. இரண்டு பக்கத்துக்கும் நல்ல வியாபாரம். யூன் மாதம் அவன் வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு மீன் கொடுக்க வந்த நேரம், சில கைதிகள் அதை உடைத்துப் போட்டார்கள். ஆளுநர் பிலிப் அவர்களைத் தண்டித்தார். ஒருவனைத் தூக்கிலிட்டாச்சு என்று பலூடெரிக்குப் பொய்யும் சொல்லப்பட்டது. அவன் ஆறவில்லை. ஒரு கைதியை ஈட்டியால் குத்தினான். அதோடு அவன் தேடப்படும் ஆள், மீன் வியாபாரமும் நின்று போனது. அந்த டிசம்பரிலேயே நோய் வந்து செத்தான். ஒரு வள்ளத்தில் கிடத்தி, ஈட்டியும் வைத்து, சிட்னியில் ஆளுநரின் தோட்டத்தில் புதைத்தார்கள்.

ஒரு பட்டை வள்ளத்துக்காக இவ்வளவா என்று கேட்கலாம். வள்ளம் போனவனைக் கேளுங்கோ.

1990 யூனில் திரும்பச் சண்டை தொடங்கினபோது மயிலிட்டியை விட்டு வெளிக்கிட்டோம். எனக்குப் பத்து வயது. வள்ளம், வலை, மோட்டார் எல்லாம் அங்கேயே. 1983 க்கு முதல் தீவிலேயே அதிகம் மீன் பிடித்த மாவட்டம் யாழ்ப்பாணம். அந்த மாவட்டத்தில் பெற்றோலுக்கும் பற்றரிக்கும் தடை, கடலுக்கும் தடை. தூரம் போனால் சூடு விழும். வடமராட்சிக் கரையில் கொட்டில் போட்டு இருந்தோம். பார்த்துக் கொண்டிருக்கக் கடல், பிடிக்க மீன் இல்லை.

அப்பா சும்மா இருக்கிறவர் இல்லை. பழைய ரப்பர் செருப்பை வட்டம் வட்டமாக வெட்டி மிதப்பு ஆக்கினார். ஈயத்துக்குப் பதில் பழுதான ஸ்பார்க் பிளக்கைக் கட்டினார். அறுந்த தங்கூசித் துண்டுகளை முடிச்சுப் போட்டு நீட்டினார். கொக்கி கிடைக்காத நேரம் சைக்கிள் சில்லுக் கம்பியை அராவி வளைத்தார். லொறி ரியூப்பில் பலகை கட்டி, கையால் வலித்து, கொஞ்சத் தூரம் போகவும் பார்த்தார். அம்மா அழுது நிற்பாட்டினார்.

பிறகுதான் அந்த வாழைக்குத்தி. நாலு துண்டை ஈர்க்குக் கட்டையால் கோத்து ஒரு சின்னத் தெப்பம், நடுவில் ஒரு தடி, தடியில் பொலித்தீன் பாய். எங்கட கரை வடக்குப் பார்த்தது. சோளகக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். அந்தக் காற்றில் தெப்பத்தை விட்டால் நூலை இழுத்துக்கொண்டு தானே வெளியே போகும். பாகத்துக்கொரு கொக்கி. நூறு பாகம் போனதும் பிடித்துக் கட்டிவிட்டுக் கரையில் காத்திருக்க வேண்டியதுதான். ஆள் போகவில்லை, தூண்டில் போனது. முரல் வரும், பாரை வரும். சில நாள் அறுந்த நூல் மட்டும் வரும்.

இது எங்கட அப்பாவின் கண்டுபிடிப்பு என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். இஞ்ச வந்த பிறகுதான் தெரிந்தது, நியூசிலாந்தில் கரையில் நின்று இதே மாதிரிப் பாய் வைத்த தெப்பத்தை விட்டு மீன் பிடிக்கிறார்கள். அதற்குக் கொன்-ரிக்கி என்று பெயர். 1947 இல் தோர் ஹெயர்டால் பசுபிக்கைக் கடந்த தெப்பத்தின் பெயர் அது. இப்போது மின்மோட்டார் வைத்ததே கடையில் விற்கிறது. சொலமன் தீவு ஆக்கள் இன்னும் ஒருபடி மேலே. இலையில் பட்டம் கட்டி, அதன் நூலில் சிலந்தி வலையைத் திரட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் மேல் துள்ள வைப்பார்கள். முரல் கடித்தால் பல் சிலந்தி நூலில் சிக்கிவிடும். கொக்கியே தேவையில்லை. தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏறுகிற பட்டங்களை நினைத்துக் கொண்டேன். இலங்கையின் தெற்கே கொக்கல, வெலிகம பக்கம் கழியில் குந்தியிருந்து தூண்டில் போடுவதும் பழங்கால வழக்கம் இல்லை. இரண்டாம் உலகப்போர்ப் பஞ்சத்தில், பாறைகளில் இடம் காணாமல் தொடங்கினது என்று சொல்கிறார்கள். உல்லாசப் பயணிகள் படம் எடுக்கிற அந்தக் காட்சி வயிற்றுப்பாட்டில் பிறந்தது.

திறமை எல்லா இடத்திலும் இருந்தது. ஓட்டுக் கொக்கியும் வாழைக்குத்தியும் ஒரே மூளைதான். ஆனால் இதை 'எங்கட ஆக்களின் கெட்டித்தனம்' என்று பெருமையாக மட்டும் கதைப்பது எனக்குப் பிடிக்காது. அப்பா விருப்பத்துக்கு வாழைக்குத்தி கட்டவில்லை. வள்ளம் இருந்தவனின் கடலைப் பூட்டினதால் கட்டினார். மயிலிட்டித் துறைமுகம் 27 வருடத்துக்குப் பிறகு, 2017 யூலையில் திறந்து விடப்பட்டது. அப்பா அதைக் காணவில்லை. அந்த 27 வருடத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நீரோட்டம் பார்க்கத் தெரியாமல் வளர்ந்து விட்டார்கள். நானும் அதில் ஒருவன்.

இந்த ஆறும் இன்னொரு விதமாகப் பூட்டப்பட்ட ஆறுதான். றோட்ஸில் யூனியன் கார்பைட் தொழிற்சாலை 1970கள் வரை களைகொல்லி செய்தது. 1984 இல் போபாலில் கேட்ட அதே பெயர். அதன் கழிவிலிருந்த டயொக்சின் ஹோம்புஷ் குடாவின் சேற்றில் படிந்தது. 2006 இல் சிட்னித் துறைமுகத்தில் வியாபார மீன்பிடியை நிறுத்தினார்கள். துறைமுகப் பாலத்துக்கு மேற்கே பிடிக்கிற எதையும் சாப்பிட வேண்டாம் என்பது அரசின் அறிவுரை. கிழக்கே பிடிப்பதையும் அளவோடுதான். எங்கட ஆக்கள் சிலர் வாளியோடு ஆற்றங்கரையில் நிற்பதைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அந்த மீனைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதேங்கோ. பிடியுங்கோ, திருப்பி விடுங்கோ.

சேர்குலர் கீயிலிருந்து பரமட்டாவுக்கு வருகிற பெரி, இரண்டு உடல் வைத்த கற்றமரான். கட்டுமரம் என்ற எங்கட சொல், 1697 இல் வந்த வில்லியம் டாம்பியரின் பயணப் புத்தகம் வழியாக ஆங்கிலத்துக்குள் போனது. சொல் தப்பி விட்டது. அதைக் கட்டுகிற கையின் அறிவு பெரும்பாலும் எழுதி வைக்கப்படவில்லை. எந்த மரம், என்ன முடிச்சு, எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இப்போது ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் ஏதோ ஒரு பிளாற்றில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். உங்கட வீட்டில் தொழிலுக்குப் போன பெரியவர் யாரும் இருந்தால், இந்த வாரம் ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து கேட்டு எழுதி வையுங்கோ. நான் கேட்க நினைத்தபோது கேட்க ஆள் இல்லை.