ரோல் முதல் இடாப்பு வரை: பட்டியல் சொற்களின் வரலாறு

சென்ற வருடம் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். அவரிடம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. வயதை நிரூபிக்க வேறு வழியும் இல்லை. "சேர், நான் இந்தப் பள்ளிக்கூடத்துலதான் ரெண்டு வருஷம் படிச்ச. என்ட பேர் இடாப்புல இரிக்கா எண்டு ஒருக்காப் பாருங்க" என்றார். பழைய சேர்விடாப்பைத் தூசு தட்டிப் புரட்டினோம். கறையான் அரித்த ஒரு பக்கத்தின் ஓரத்தில் அவருடைய பெயரும், வாப்பாவின் பெயரும், பிறந்த திகதியும் தப்பிக் கிடந்தன. மனிதர் அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

நாம் 'இடாப்பு' என்று சொல்வதை ஆங்கிலத்தில் ரெஜிஸ்டர் என்பார்கள். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் ரோல். கடைக்குப் போகும்போது எழுதுவது லிஸ்ட். கணக்குக்கு லெஜர், கடமை முறைக்கு ரோஸ்டர், கப்பலுக்கு லொக். ஒரே வேலைக்கு ஏன் இத்தனை பெயர்கள் என்று தேடிப் பார்த்தால், பல சொற்களுக்குள் எழுதப்பட்ட பொருளே ஒளிந்திருப்பது தெரியும்.

ரோல் என்றால் சுருள். தோல் ஏடுகளை ஒன்றோடொன்று தைத்துச் சுருட்டி வைத்த காலத்துச் சொல் அது. லிஸ்ட் என்பது முதலில் துணியின் கரை. பிறகு நீளவாக்கில் கிழித்த ஒரு துண்டு. அதன் பிறகே அந்தத் துண்டில் எழுதிய பெயர் வரிசை. ஃபைல் என்பதற்கு மூலம் நூல் என்று பொருள்படும் இலத்தீன் சொல். கடிதங்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்தார்கள். நம்மூர்ச் சில்லறைக் கடைகளில் துண்டுகளைக் கம்பியில் குத்தி வைக்கும் முதலாளி, அந்தப் பழைய ஃபைலைத்தான் இன்றும் வைத்திருக்கிறார். லெஜர் என்பது எடுத்துச் செல்லாமல் ஓரிடத்திலேயே கிடக்கும் பெரிய ஏடு, நமது பேரேடு. ரோஸ்டர் ஒல்லாந்தச் சொல். அதன் முதற்பொருள் இறைச்சி வாட்டும் கம்பித் தட்டு. கோடு போட்ட தாள் அந்தத் தட்டைப் போலிருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. கப்பலின் வேகத்தை அளக்கக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிந்த மரத்துண்டு லொக். அந்த அளவைக் குறித்த புத்தகம் லொக் புத்தகமாயிற்று. இன்று கைத்தொலைபேசியில் 'லொக் இன்' பண்ணும் பிள்ளைக்கு அந்த மரத்துண்டு ஞாபகம் வரப்போவதில்லை.

டெலி என்ற சொல் இன்னும் சுவையானது. கடன் தொகையைக் குச்சியில் வெட்டிக் குறித்து, குச்சியை நீளவாக்கில் பிளந்து, ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டார்கள். இரண்டு பாதியும் பொருந்தினால்தான் கணக்குச் சரி. கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகறா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தை ஓதுகிற நமக்கு, இரு தரப்பையும் காக்கும் இந்த ஏற்பாட்டின் அருமை விளங்கும். இங்கிலாந்தின் அரச கருவூலம் பல நூற்றாண்டுகளாக இந்தக் குச்சிகளில் கணக்கு வைத்தது. பாவனை ஒழிந்த குச்சிகளை 1834 ஒக்டோபர் 16ஆம் திகதி அடுப்பில் போட்டு எரித்தபோது, தீ மிஞ்சிப் பாராளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

ஆங்கிலத்தின் எல்லாப் பட்டியல் சொற்களும் ஆங்கிலேயருக்குச் சொந்தமானவை அல்ல. டெரிஃப் என்பது 'அறிவித்தல்' என்ற பொருள்தரும் அறபுச் சொல்லிலிருந்து இத்தாலி வழியாகப் போனது. கலீஃபா உமர் (ரழி) அவர்கள் மானியம் பெறுவோரின் பெயர்களைப் பதிவுசெய்ய ஏற்படுத்திய ஏட்டின் பெயர் திவான். பாரசீகச் சொல்லான அது ஏட்டைக் குறித்தது, அலுவலகத்தைக் குறித்தது, கவிஞரின் பாடல் தொகுதியையும் குறித்தது. மேற்கே போய் இத்தாலியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சுங்கச் சாவடியின் பெயரானது. ஆங்கிலத்தில் சாய்ந்திருக்கும் ஆசனமாகி, இன்று தளபாடக் கடையில் விலைக்குக் கிடக்கிறது! தோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் பிறந்த 'தஃப்தர்' அறபு, பாரசீகம், துருக்கி, உருது என்று நடந்து, மலாய் மொழியில் பட்டியலுக்கே பெயராக நிற்கிறது.

நமது நாட்டுக்கு வந்த சொல் தோம்பு. போர்த்துக்கேயர் காணிகளையும் வரிகளையும் பதிந்த ஏட்டுக்கு 'டொம்போ' என்று பெயர். லிஸ்பனிலுள்ள அவர்களது தேசியச் சுவடிக்கூடம் இன்றும் 'டொம்போ கோபுரம்' என்றே அழைக்கப்படுகிறது. ஒல்லாந்தர் அதை விரிவாக்கித் தலைத்தோம்பு, காணித்தோம்பு என்று ஆட்களையும் காணிகளையும் தனித்தனியே எழுதினார்கள். வரியும் கட்டாய வேலையும் வாங்குவதுதான் நோக்கம். சோனகர்மேல் 'ஊழியம்' சுமத்தப்பட்டதும் அவர்கள் காலத்தில்தான். யார், எந்த ஊர் என்று தெரியாமல் அப்படியொரு வேலையை வாங்க முடியாது. ஆனால் ஆட்சி போன பிறகு அதே தோம்பு காணிக்காரரின் உறுதிக்கு ஆதாரமாகவும், வம்சம் தேடுவோருக்கு வழிகாட்டியாகவும் மாறியது. எழுதியவனின் நோக்கம் ஒன்று. எழுதப்பட்டவனுக்குக் கிடைத்த பயன் வேறு.

இங்கிலாந்தில் 1086இல் முதலாம் வில்லியம் மன்னன் எடுப்பித்த காணிப் பதிவேட்டுக்கு மக்கள் 'டூம்ஸ்டே', அதாவது நியாயத் தீர்ப்பு நாள், என்று பெயர் வைத்தார்கள். அதில் எழுதியதற்கு மேல்முறையீடு இல்லை என்பதே காரணம். நமது தமிழிலோ மறுமையில் கையில் தரப்படும் வினைச்சுவடிக்குக் குர்ஆன் மொழிபெயர்ப்புகள் 'பட்டோலை' என்ற சொல்லையும் பயன்படுத்துகின்றன. அங்கே காணிக் கணக்குக்குக் கியாமத் நாளின் பெயர். இங்கே கியாமத் நாளின் கணக்குக்குப் பனையோலையின் பெயர். பெயர் எழுதப்படுவது சின்ன விஷயமல்ல என்பது இரண்டு மொழிக்காரருக்கும் தெரிந்திருக்கிறது.

நமது பள்ளிவாசல்களின் சந்தாப் பட்டியல்கள், பழைய கடுத்தப் புத்தகங்கள், பாடசாலைச் சேர்விடாப்புகள் எல்லாம் எங்கே, என்ன நிலையில் கிடக்கின்றன? இடம்பெயர்வில் தொலைந்தவை போக, வெள்ளத்தில் நனைந்தவை போக, மிஞ்சியவற்றையாவது ஊருக்கு ஊர் எடுத்துப் பார்க்க வேண்டும்; படம் பிடித்தாவது வைக்க வேண்டும்.

அன்று வந்த பெரியவருக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தோம். அவர் போன பிறகு அந்தச் சேர்விடாப்பின் மற்றப் பக்கங்களைப் பார்த்தேன். கறையான் தின்ற பக்கங்களிலும் பிள்ளைகளின் பெயர்கள் இருந்திருக்கும்.