பிஜ் தொலைக்காட்சி நிலையம்

பிஜ் தொலைக்காட்சி நிலையம் குஜராத்தின் கேடா மாவட்டத்திலுள்ள பிஜ் என்னும் சிற்றூரில் 1975ஆம் ஆண்டு நிறுவப்பட்ட குறைதிறன் ஒளிபரப்பு நிலையம் ஆகும். அகமதாபாத்திலுள்ள இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரித்தது. 1 கிலோவாட் திறனுடைய இதன் ஒளிபரப்பு சுமார் 400 ஊர்களை எட்டியது. பால் கூட்டுறவுச் சங்கங்களில் வைக்கப்பட்ட பொதுப் பெட்டிகளில் மக்கள் நிகழ்ச்சிகளைக் கூடிப் பார்த்தனர்.

சாதிப் பாகுபாடு, குறைந்தபட்சக் கூலி, குடிப்பழக்கம் ஆகியவை பற்றிய நிகழ்ச்சிகளில் ஊர்மக்களே எழுதினர், நடித்தனர். ஊரக மக்கள்தொடர்புக்கான யுனெசுகோ பரிசும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது.

அகமதாபாத்தில் உயர்திறன் நிலையம் வந்தபின், பிஜ் ஒளிபரப்பியைச் சென்னையின் இரண்டாம் அலைவரிசைக்காக மாற்ற 1985இல் அரசு முடிவெடுத்தது. கேடா மக்கள் அதை எதிர்த்தனர். அகமதாபாத் ஒளிபரப்பு அவ்வூர்களையும் எட்டியது; எனினும் தம் ஊர்ச் சிக்கலைத் தாமே பேசிய திரையை இழக்க அவர்கள் விரும்பவில்லை.