தலைவன் பெயரில்லாத போர்: மட்டக்களப்பின் ஒரு வாய்மொழி மரபு

படைத்தலைவரின் வாழ்வே வரலாறு எனக் கொள்ளும் போக்கு நம்மிடையே இன்னும் அகலவில்லை. 1648 இல் போலந்து அரசுக்கெதிராகக் கொசாக்கியரைத் திரட்டிய பொக்தான் கிமெல்னித்ஸ்கிக்குக் கீவ் நகரில் 1888 இல் சிலை எழுந்தது. வன்னியிலோ, 1803 ஒக்டோபர் 31 இல் கற்சிலைமடுவிற் பண்டாரவன்னியன் தோற்றமையை வென்ற ஆங்கிலேயரே கல்லிற் பொறித்தனர். மட்டக்களப்பு வாவிக்கரையில் வழங்கும் முக்குவர் - திமிலர் போர்க்கதை முன்னிறுத்துவது தலைவனை அன்று; குழுக்களை.

வாவியிலும் கரையிலும் யார் மேலாண்மை செலுத்துவது என்பதே பூசல். முக்குவர், பட்டாணியர் எனப்பட்ட முஸ்லிம்களின் துணையை நாடினர் என்றும், திமிலர் வடக்கே வெருகல்வரை துரத்தப்பட்டனர் என்றும் வழக்குக் கூறும். பகைவரைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான். வென்றோர் வந்து ஆறிய இடம் வந்தாறுமூலை. (கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதும் இவ்வூரிலேதான்.) இவ்விளக்கங்கள் ஊர்ப்பெயர்களுக்குப் பின் பிறந்தனவாகவும் இருக்கலாம். ஆதலின் இவற்றைப் போர் நிகழ்ந்தமைக்கன்றி, மக்கள் அதனை எவ்வாறு நினைவிற் கொண்டனர் என்பதற்கே சான்றாக நாம் கொள்கின்றோம்.

துணைநின்ற பட்டாணியர் ஏறாவூரிற் குடியமர்ந்து முக்குவப் பெண்களை மணந்தனர் எனக் கதை முடிகின்றது. கீழ்க்கரைத் தமிழரிடையும் முஸ்லிம்களிடையும் தாய்வழிக் குடிமுறை ஒருங்கே காணப்படுவதற்கு மக்கள் கண்ட விளக்கம் இது எனலாம். போரின் எச்சமாக இங்கே பேசப்படுவது வீரனின் புகழன்று, பெண்வழி உறவு.

எனினும் இதனை ஒற்றுமைக் கதையென்று மட்டும் போற்றுதல் பொருந்தாது. இது வென்றோர் வாய்மொழி. திமிலரின் கூற்று இதில் இல்லை. மணமுடித்துக் கொடுக்கப்பட்ட பெண்களின் விருப்பத்தை எவரும் வினவியதாகவும் இல்லை. முக்குவப் போடிமார் பெருவயல்களுக்கு உடைமையாளராயினர். கோயில் முன்னுரிமைகளும் அவர்தம் குடிகளிடமே தங்கின. அவ்வயல்களில் உழைத்தோர் கதையில் இடம்பெறவில்லை. கிமெல்னித்ஸ்கிக்குப் பின் கொசாக்கிய அதிகாரிகள் நிலக்கிழாராக மாறியமை இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது.

இம்மரபை இன்று ஆராய்வோர் 1990 ஐத் தவிர்த்து எழுதவியலாது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஏறாவூரில் முஸ்லிம்களும், செப்டெம்பர் 9 இல் சத்துருக்கொண்டானில் தமிழரும், பெண்களும் குழந்தைகளும் உட்படப் படுகொலை செய்யப்பட்டனர். முன்னோர் தோள்சேர்ந்து பகைவெட்டியதாகக் கதை கூறும் அதே நிலம் அது. அதன்பின் சத்துருக்கொண்டான் என்னும் பெயரைக் கேட்போர்க்குத் திமிலர் முதலில் நினைவுக்கு வருவதில்லை.