கட்டப்பட்ட உடலும் கேட்கப்பட்ட உடலும்: மதுரைச் சமவெளியில் மனநலச் சிகிச்சை வந்த வழி

திருமங்கலத்தில் தொடங்கிய தன் இறையியல் பள்ளியை அமெரிக்க மதுரை மிஷன் 1845-இல் பசுமலைக்கு மாற்றியது. பசுமலையில் பள்ளிகளும் அச்சகமும் வளர்ந்தன. மதுரை நகரில் மிஷன் மருத்துவமனையும் எழுந்தது. காய்ச்சலுக்கும் கட்டிக்கும் பேறுகாலத்துக்கும் இவ்வட்டார மக்கள் மெல்ல மெல்ல மருத்துவமனையின் படியேறப் பழகினார்கள். மனம் பேதலித்தவர்களை மட்டும் வேறு திசையில் அழைத்துப் போனார்கள். மேலமடைப் பாண்டி முனீசுவரர் கோயில், கோரிப்பாளையம் தர்கா, தொலைவில் ஏர்வாடி, குணசீலம், புளியம்பட்டி அந்தோணியார் கோயில் என்று அந்தத் திசை நீண்டது. உடம்புக்கு ஆஸ்பத்திரி, மனசுக்குச் சாமி என்ற இந்தப் பங்கீட்டை அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மனநோயாளியை ஏற்க அந்நாளைய மருத்துவமும் ஆயத்தமாக இருக்கவில்லை. இந்தப் பங்கீடு எப்படி உருவாகி எப்படித் தளர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு சிகிச்சைமுறை மனத்தைப் பற்றி என்ன கொள்கை வைத்திருந்தது என்பதைவிட, நோயாளியின் உடலை எப்படி நடத்தியது என்பதே அதன் தரத்தைக் காட்டும் என்பது இதன் வாதம்.

நம் மருத்துவ மரபில் மனநோய் உடலுக்கு வெளியே நிற்கவில்லை. வளி, அழல், ஐயம் என்ற மூன்றின் நிலைபிறழ்வால் நோய் வருகிறது என்னும் சித்த மருத்துவம், புத்திப் பேதலிப்பையும் அதே கணக்கில்தான் வைத்தது. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் 18 வகைக் கிரிகைகளை, அதாவது மனப்பிறழ்வுகளை, குறிகுணங்களோடு பிரித்துச் சொல்கிறது. எண்ணெய் முழுக்கு, நசியம், பேதி, பத்திய உணவு என்று உடல் வழியாகவே மனத்தை எட்ட முயன்ற மருத்துவம் அது. இந்திய மருத்துவத்தில் நெடுங்காலம் வழங்கிய சர்ப்பகந்தா வேரின் வரலாறும் இங்கே பொருந்தும். அந்த வேர் மனப்பிறழ்வுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் பயன்படுவதாக 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் எழுதினார்கள். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளில் அது உலகெங்கும் மனநல மருத்துவமனைகளில் புழக்கத்துக்கு வந்தது. நாடித் துடிப்பைத் தணித்த அதே வேர் மனக் கொந்தளிப்பையும் தணித்தது.

இதை வைத்து, உடலும் மனமும் ஒன்று என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள், மேலைநாட்டு மருத்துவம்தான் இரண்டையும் பிரித்தது என்று முடிவுகட்டுவோர் உண்டு. சான்றுகள் அந்த முடிவுக்கு இடம் தரவில்லை. இதே மண்ணில், பேய் பிடித்ததாகக் கருதப்பட்டவரின் உடல் வேப்பிலையாலும் பிரம்பாலும் அடிக்கப்பட்டது, பட்டினி போடப்பட்டது, மரத்திலும் தூணிலும் கட்டப்பட்டது. அடி விழுவது பேய்க்கு, ஆளுக்கு அல்ல என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். ஆக, உடலும் மனமும் இணைந்தவை என்ற கொள்கை மட்டும் நோயாளிக்குக் காவலாகிவிடவில்லை. அந்த உடல் யாருடையது, அதற்கு வலிக்கிறதா என்று கேட்கும் பொறுப்பும் கூடவே இருந்திருக்க வேண்டும்.

காலனிய அரசின் விடுதிகளிலும் அந்தப் பொறுப்பு பெரிதும் இல்லை. மருத்துவர் வாலண்டைன் கானலி 1794-இல் சென்னையில் தொடங்கிய தனியார் காப்பகத்திலிருந்து வளர்ந்த அரசு விடுதி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. 1858-ஆம் ஆண்டுச் சட்டமும் 1912-ஆம் ஆண்டு இந்திய மனநோயாளர் சட்டமும் நோயாளியைக் காவலரும் நீதிபதியும் தீர்மானிக்க வேண்டிய ஆளாகவே கண்டன. ஊருக்கு ஆபத்து வராமல் ஓர் உடலை அடைத்துவைப்பது முதல் நோக்கம். குணமாக்குவது அதன் பின்னால் வந்தது. மதுரைச் சீமையின் குடும்பத்துக்கோ கீழ்ப்பாக்கம் ஏறக்குறைய 450 கிலோமீட்டர் தொலைவு. விடுதலைக்குப் பின்னும் தமிழ்நாட்டின் ஒரே அரசு மனநல மருத்துவமனையாக அதுவே நீடித்தது. அங்கே சேர்த்தால் நோயாளியை உறவினர்கள் பிரிய வேண்டும். கோயிலிலோ தர்காவிலோ தாயும் கூடவே தங்கலாம். மக்கள் சாமியைத் தேர்ந்ததற்கு நம்பிக்கையோடு இந்தத் தொலைவும் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் மனநல மருத்துவம் மீண்டும் உடலைத் தேடிப்போனது. 1917-இல் மலேரியாக் காய்ச்சலை வரவழைத்துச் செய்த சிகிச்சை, 1938-இல் மின்வலிப்புச் சிகிச்சை, 1952-இல் குளோர்புரோமசின் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாத்திரைகள் ஆயிரக்கணக்கானோரை அடைப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பின. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆயினும் உடலுக்குச் சிகிச்சை தருவதும் உடலை மதிப்பதும் ஒன்றாகிவிடவில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றித் தரப்பட்ட மின்வலிப்புச் சிகிச்சையால் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. அவ்விரண்டோடும் தந்தபோது அதே சிகிச்சை கடும் மனச்சோர்விலிருந்து உயிர்களை மீட்டது. கருவி மாறவில்லை, உடல்மீது காட்டிய கவனம்தான் மாறியது. உடலைப் பேசுவது மனநோயை மூளையின் வேதியியலாகச் சுருக்கிவிடும் என்று அஞ்சுவோருக்கும் இதுவே விடை. வேதியியல் அறிவு தேவை; அதை யாருடைய ஒப்புதலோடு, எவ்வளவு வலியோடு செலுத்துகிறோம் என்பது தனிக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நல்ல விடைகள் தமிழகத்திலேயே உருவாயின. 1957-இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையம் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தது. கீழ்ப்பாக்கத்தை 1961 முதல் 1978 வரை நடத்திய மருத்துவர் சாரதா மேனன், பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் அமைப்பை நிறுவி மறுவாழ்வுக்கு வழிசெய்தார். மதுரையில் மனநல மருத்துவர் சி. இராமசுப்பிரமணியன் 1992-இல் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையைத் தொடங்கினார். 1982-இல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1996-இல் அதன் மாவட்ட வடிவம் அறிவிக்கப்பட்டபோது தமிழகத்தில் முதலில் தேர்வானது திருச்சிராப்பள்ளி. சமைப்பது, நெய்வது, குளித்து உடுத்திக் கடைக்குப் போய்வருவது போன்ற உடல்சார்ந்த அன்றாடப் பழக்கங்களை மீட்டெடுப்பதே மறுவாழ்வின் பெரும்பகுதி. மாத்திரையால் குரல்கள் அடங்கிய பிறகும் ஒருவர் மனிதராகத் தலைநிமிர இந்தப் பழக்கங்கள் வேண்டும்.

இந்த முயற்சிகள் எட்டாத இடத்தில் 2001 ஆகஸ்ட் 6 விடிந்தது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். சில நாள்களில் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. பழி அன்று நம்பிக்கையின்மேல் விழுந்தது. ஆனால் கனவில் உத்தரவு கிடைக்கும்வரை காத்திருக்கும் தர்கா வழக்கம் வேறு, காசு வாங்கிக்கொண்டு சங்கிலி பூட்டிய காப்பகத் தொழில் வேறு. மருத்துவம் வந்துசேராத ஊரில், குடும்பங்களின் தவிப்பில் வளர்ந்த தொழில் அது. அங்கிருந்தவர்களின் மனத்தைப் பற்றி எல்லோரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. உடல்களுக்குத்தான் பொறுப்பேற்க ஆளில்லை.

வழிபாட்டிடங்கள் யாவும் தீங்கானவை என்ற முடிவையும் சான்று மறுக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். காலையில் சிறு பூசை, பிறகு கோயிலைக் கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்ற எளிய நாள்முறையில், உறவினரின் துணையோடு சில வாரங்கள் இருந்ததில் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, எண்ணிக்கையும் சிறிது, நோயே இடையில் தணிந்திருக்கலாம் என்ற எதிர்வாதங்கள் நியாயமானவை. மருந்துக்குக் கோயில் மாற்று என்று இந்த ஆய்வைக் காட்டுவது தவறு. மிரட்டல் இல்லாத இடமும் வேளைக்கு உணவும் கைக்கு வேலையும் அருகில் சொந்தமும் கிடைத்த உடலில் மனமும் ஓரளவு அடங்கக்கூடும் என்பதை மட்டும் அது ஏற்கத்தக்கதாக்குகிறது. ஏர்வாடிக் காப்பகத்தில் இல்லாதிருந்தவை இவைதாம்.

உடல்வழிப் பேச்சு கல்லாதவரின் குறை என்ற எண்ணத்தையும் ஆராய வேண்டும். நெஞ்சு படபடப்பு, தலைக்கனம், உடம்பெல்லாம் எரிச்சல், கைகால் அசதி என்றுதான் நம் ஊர்ப்புறத்தில் துயரம் மருத்துவரிடம் வந்துசேர்கிறது. சத்து ஊசியோடு திரும்பியும் போகிறது. உலக நலவாழ்வு நிறுவனம் பெங்களூரு உட்பட 14 நாடுகளின் 15 நகரங்களில் திரட்டிய தரவை வைத்து 1999-இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வுள்ள 1,146 பேரில் 69 விழுக்காட்டினர் உடல் உபாதையை மட்டுமே சொல்லி மருத்துவரிடம் வந்ததைக் கண்டது. நேராகக் கேட்டபோது மனத்துயரை மறுத்தவர்கள் 11 விழுக்காட்டினரே. தொடர்ந்து பார்க்கும் மருத்துவர் இல்லாத இடங்களில் உடல் உபாதையோடு மட்டும் வருவோர் மிகுதி. படிப்பைவிடப் பழக்கமான மருத்துவர் இருப்பதே மனத்தைத் திறக்கிறது. கேட்பதற்கு ஆள் இருந்தால் நெஞ்சு படபடப்பின் பின்னாலிருக்கும் கடனும் சாவும் பேச்சுக்கு வரும்.

2018 மே 29 முதல் நடப்புக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இந்த நெடுவழியின் சாரத்தைச் சட்டமாக்கியது. அதன் 95-ஆம் பிரிவு மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதையும், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இன்றி மின்வலிப்புச் சிகிச்சை தருவதையும் தடைசெய்கிறது. 21-ஆம் பிரிவு உடல்நோயாளிக்குச் சமமான நடத்தையை உரிமையாக்குகிறது. ஏர்வாடித் தர்காவிலேயே துவா என்னும் வேண்டுதலோடு மருந்தும் தரும் திட்டம் வந்தது. குணசீலத்தில் 48 நாள் தங்கி உச்சிக்காலத் தீர்த்தம் பெறுவோரை மனநல மருத்துவரும் பார்க்கிறார். நம்பிக்கைக்கு மருத்துவம் விட்டுக்கொடுத்துவிட்டது என்று இதைக் குறைகூறுவோர் உண்டு. நோயாளி இருக்கும் இடத்துக்கு மருத்துவம் போக வேண்டும் என்பது பொதுச் சுகாதாரத்தின் பழைய நெறிதான். அந்த நெறி மனநலத்துக்குத் தாமதமாக வந்திருக்கிறது.

இன்னும் தீராத கடன் ஒன்று உண்டு. கடும் மனநோயுள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அவர்களில் பெரும்பாலோரை மாய்ப்பவை தடுக்கக்கூடிய உடல்நோய்களே. மனநோய் மாத்திரைகள் சில எடையையும் சர்க்கரையையும் கூட்டுகின்றன. நோயாளி நெஞ்சுவலி என்றால் அதுவும் நோயின் பேச்சு என்று கடந்துபோகிற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. சங்கிலி போன பிறகும் உடல் கேட்கப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தமிழகத்தில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலில் மாத்திரை தருகிறது. அதே வருகையில் மனநோயாளியின் எடையையும் சர்க்கரையையும் அளக்கலாம். சர்க்கரை நோயாளியிடம் தூக்கம் எப்படி, மனசு எப்படி என்றும் கேட்கலாம். உடம்புக்கு ஆஸ்பத்திரி, மனசுக்குச் சாமி என்ற பழைய பங்கீடு, உடம்புக்கு ஒரு துறை, மனசுக்கு ஒரு துறை என்று அலுவலக வடிவில் தொடரக் கூடாது. மனநலத் திட்டம் எதையும் இனி நோயாளியின் ஆயுள் நீள்கிறதா என்ற அளவுகோலால் மதிப்பிடுவதே, ஏர்வாடியில் மாண்ட 28 பேருக்கு இந்தச் சமூகம் செய்யக்கூடிய நேர்மையான பதில்.