புதுச்சேரியில் பாண்டியன் இல்லை

பாண்டியர் சேரியே பாண்டிச்சேரி ஆயிற்று என்று கடற்கரையில் நிற்கும் பயணிகளுக்கு ஓயாமல் சொல்கிறார்கள். ‘பாண்டி’ என்ற பேச்சுக் குறுக்கம் இக்கதைக்குக் கிடைத்த ஒரே முட்டு. அச்சேறிய நூல்களிலும் இது நுழைந்துவிட்ட பிறகு வாளாவிருப்பது தகாது.

முதலில் காலம் இடிக்கிறது. பாண்டியர் ஆட்சி இப்பக்கத்து நடுநாட்டில் நிலைத்தது கி.பி. 13ஆம் நூற்றாண்டில். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூசோ இக்கரைத் துறைகளைக் கமரா, பொதுகே, சோபட்மா என வரிசைப்படுத்திவிட்டது. தாலமியும் பொதுகேயை வணிகத்துறை என்றே குறிக்கிறார். 1945இல் தொல்லியலாளர் வீலர் ஊரையடுத்த அரிக்கமேட்டை அகழ்ந்தபோது வெளிப்பட்ட ரோமானிய மதுச்சாடிகளும் மெருகிட்ட மட்கலங்களும் அத்துறை இதுவே என்பதற்குப் போதும்.

பொதுகே என்பதைப் ‘புதுகை’ என்றே நான் படிக்கிறேன். உலகத்தை ஒலகம் என்றும் குடத்தைக் கொடம் என்றும் சொல்லும் நாட்டில், அயலான் காதில் உகரம் ஒகரமாக விழுந்ததில் வியப்பில்லை. கிரேக்கச் சொல்லில் சேரி எங்கே என்பார்க்கு மரூஉ வழக்கே விடை. புதுக்கோட்டை புதுகையாகிறது. ஆண்டாள் தன் தந்தையைப் புதுவைப் பட்டர்பிரான் என்னும்போது வில்லிபுத்தூரே புதுவையாகிறது. நம் ஊரும் பாரதிதாசன் நாவில் புதுவைதான். கோட்டை, ஊர், சேரி எல்லாம் உதிரும். ‘புது’ மட்டும் நிற்கும்.

ஊரின் பழம்பெயர் வேதபுரி என்பார் வாதம் இன்னும் மெலிது. அது வேதபுரீசுவரர் கோயில் வழியாக வந்த பெயர். அக்கோயிலைப் பிரெஞ்சுக்காரர் 1748இல் இடித்தனர். பாரதி தம் உரைநடையில் இவ்வூரை வேதபுரம் என்றது உண்மை. புலவன் சூட்டிய பெயர் வேறு, குடிகள் வழங்கிய பெயர் வேறு. ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கிய நாட்குறிப்பில் ஊரின் பெயர் புதுச்சேரி. ‘பொந்திசேரி’ என்ற மூக்கொலி பிரெஞ்சு நாவுக்கு உரியது, பாண்டியனுக்கு உரியதன்று.

இத்தனை சான்றிருந்தும் வேறு பெயர் தேடுவானேன்? ‘சேரி’ என்றால் கூச்சம். இந்தக் கூச்சம் பிற்காலத்துச் சாதி நோய். தொல்காப்பியம் மக்கள் வழக்கைச் சேரிமொழி என்கிறது. சிலம்பில் புறஞ்சேரி இறுத்த காதை உண்டு. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டில் பிராமணர் ஊரே பன்னிரண்டு சேரிகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. இராசராசன் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி வரும். எல்லாரும் சேரியில்தான் இருந்தனர். சேர்ந்து வாழ்வது சேரி; வேறு பொருள் அச்சொல்லுக்குப் பிறப்பில் இல்லை.

இதற்கு உடன்பிறப்பு குப்பம். குவி, குவை, குப்பை என்ற வரிசையில் வந்தது அது. மனைகள் குவிந்தது குப்பம். பட்டினமும் பாக்கமும் நெய்தல் நிலத்துக்குரியவை என நிகண்டுகள் சொல்லும். குப்பத்தை நம் கரையே சொல்கிறது. வைத்திக்குப்பத்தில் மாசி மகத்தன்று மயிலம் முருகன் முதலாகப் பல ஊர்த் தெய்வங்கள் கடலாட வந்து நிற்பதைக் கண்டவர்க்கு, சேர்தல் என்ற வினை இவ்வூரில் இன்னும் உயிரோடிருப்பது விளங்கும்.

இன்று இங்கே வருவோரை ஈர்ப்பவை கூபேர் சாலையின் மாலை நடை, காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், மஞ்சள் சுவர்த் தெருக்கள். அவர்கள் வாயில் புழங்கும் ‘ராக் பீச்’ என்ற பெயருக்கும் வரலாறு உண்டு. 1980களில் துறைமுக அலைதடுப்புச் சுவர் எழுந்தபின் வடக்கே போகவேண்டிய மணல் தடைப்பட்டது; அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளே கரைக்குப் பெயராயின. 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு மணல் ஓரளவு திரும்பியது. பாறைப் பெயர் மணலோடு போகுமா என்பதைக் காலம் காட்டும். ஆனால் ஊரைப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கேயுள்ள நாலு தெருவை ‘ஒயிட் டவுன்’ என்று கொண்டாடுவது, ஒரு காலத்தில் வெள்ளையன் கீறிய நிறக்கோட்டை நாமே மீண்டும் கீறுவதாகும்.

2006இல் அரசு ஏட்டில் புதுச்சேரி என்ற பெயர் மீண்டது. அதை நாவிலும் மீட்க வேண்டும். யவனக் கலத்தார், நெசவாளர், பிரெஞ்சு வணிகர், அடைக்கலம் தேடிய பாரதி, அரவிந்தர் என வந்தவரையெல்லாம் சேர்த்துக்கொண்ட ஊர் இது. சேரி என்ற சொல்லுக்கு இதைவிடத் தகுந்த ஊர் தமிழில் இல்லை என்பதே என் துணிபு.